நீளும் ஆயுள் சமூகத்தையும் பொருளாதாரத்தையும் எப்படி மாற்றும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு, வேலை, ஓய்வு என்று வாழ்க்கையை மூன்றாகப் பிரித்து அறுபது, அறுபத்தைந்தில் கோடு கிழித்தார்கள். அந்த வயதைத் தொடுவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. இன்று வசதியான நாடுகளில் 65 வயதுக்காரருக்கு முன்னால் சராசரியாக இன்னும் 20 ஆண்டுகள் இருக்கின்றன. மனிதர்கள் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார்கள். கோடு மட்டும் பெரும்பாலும் கிழித்த இடத்திலேயே கிடக்கிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் கேள்விகளையும் எனக்குத் தோன்றும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

ஆயுள் உண்மையில் எவ்வளவு கூடியிருக்கிறது?

1900-ல் உலகச் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 ஆண்டு. 1950-ல் 46-ஐ ஒட்டி இருந்தது. இன்று 73. ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். 1840-ல் உலகிலேயே அதிக ஆயுள் ஸ்வீடன் பெண்களுக்கு இருந்தது: 45 ஆண்டு. 2000-ல் அந்த இடத்தில் ஜப்பான் பெண்கள் இருந்தார்கள்: ஏறக்குறைய 85. இடைப்பட்ட 160 ஆண்டுகளில், முதலிடத்தில் இருக்கும் நாட்டின் ஆயுள் பத்தாண்டுக்குச் சுமார் இரண்டரை ஆண்டு வீதம் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறியது என்று 2002-ல் ஜிம் ஓப்பன், ஜேம்ஸ் வாபெல் என்ற இரு மக்கள்தொகை ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நாள் கழிந்தால் ஆறு மணி நேரம் திரும்பிக் கிடைப்பதற்குச் சமம் அது. அண்மைக்காலத்தில் பணக்கார நாடுகளில் இந்த வேகம் தணிந்திருக்கிறது. ஆனால் ஏற்றம் நின்றுவிடவில்லை.

அப்படியானால் 1900-ல் மக்கள் 32 வயதிலேயே இறந்துபோனார்களா?

இல்லை. இது சராசரி என்ற சொல் செய்யும் குழப்பம். அப்போது பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஐந்து வயதைக் காணவில்லை. அந்த மரணங்கள் சராசரியைக் கீழே இழுத்தன. குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்களில் அறுபது, எழுபது வரை வாழ்ந்தவர்கள் அன்றும் இருந்தார்கள்.

இந்த வேறுபாடு பொருளாதாரத்துக்கு மிக முக்கியம். சுத்தமான குடிநீர், தடுப்பூசி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஆகியவை காப்பாற்றியது பெரும்பாலும் குழந்தைகளை. பிழைத்த குழந்தை இருபது ஆண்டில் உழைப்பாளியாக நின்றது. 1970-க்குப் பிறகு வசதியான நாடுகளில் கூடிய ஆயுளோ பெரும்பாலும் இதய நோயும் பக்கவாதமும் கட்டுக்குள் வந்ததால் கூடியது. அந்த ஆண்டுகள் அறுபதுக்கு மேல்தான் சேர்கின்றன. முதல் கட்டத்தில் உழைக்கும் கைகள் கூடின. இந்தக் கட்டத்தில் ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டுகள் கூடுகின்றன. இன்றைய சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுதான்.

எதுவரை போகும்? 120? 150?

ஆதாரத்தோடு பதிவான மிக நீண்ட வாழ்வு பிரான்சின் ழான் கல்மானுடையது. 1875-ல் பிறந்து 1997-ல் இறந்தார்: 122 ஆண்டு, 164 நாள். அதன் பிறகு யாரும் அவரை எட்டவில்லை.

பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1825-லேயே ஒன்றைக் கவனித்தார்: வளர்ந்த பிறகு வயது ஏற ஏற மரண அபாயம் மடங்கு மடங்காகப் பெருகுகிறது. ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. புற்றுநோயை அடியோடு ஒழித்தால்கூடச் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு அளவில்தான் கூடும் என்று கணக்கிடுகிறார்கள். புற்றுநோயில் தப்பியவரை அடுத்த சில ஆண்டுகளில் இதயமோ மூளையோ கைவிடும்.

ஆகவே பெரிய தாவல் வேண்டுமானால் முதுமையடைதலையே மெதுவாக்க வேண்டும். 2009-ல் ராபமைசின் என்ற மருந்தை, மனிதரின் அறுபது வயதுக்கு நிகரான வயதில் இருந்த எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் கூடியது. எலியில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான் 150-ஐ நம்பித் திட்டம் போட மாட்டேன். ஆனால் தொண்ணூறும் நூறும் சாதாரணமாவதற்குத் திட்டம் போட்டே ஆக வேண்டும். ஜப்பானில் 1963-ல் நூறு வயதைக் கடந்தவர்கள் 153 பேர். 2024-ல் 95,000-க்கும் மேல்.

ஆயுள் குறையவும் கூடுமா?

கூடும், குறைந்தும் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1994-ல், ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58-க்கும் கீழே போனது. கோவிட் தொற்று 2019-க்கும் 2021-க்கும் இடையில் உலகச் சராசரியிலிருந்து 1.8 ஆண்டைப் பறித்தது. மருத்துவமும் அரசும் சமூகமும் கைகோத்து நிற்கும்வரைதான் இந்த ஆண்டுகள் நம்முடையவை.

எல்லோரும் நெடுநாள் வாழ்ந்தால் மக்கள்தொகை வெடித்துவிடாதா?

வெடிக்காது. மக்கள்தொகையைத் தீர்மானிப்பதில் பிறப்புக்குத்தான் பெரிய பங்கு. 1950-களில் உலக அளவில் ஒரு பெண் சராசரியாக ஐந்து குழந்தைகள் பெற்றார். இன்று இரண்டேகால். தென்கொரியாவில் 2023-ல் 0.72. மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டுப் பிறகு மெல்ல இறங்கும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் 2024-ம் ஆண்டு மதிப்பீடு.

ஒரு சமூகத்தில் முதியோர் விகிதம் ஏறுவதற்கும் முதன்மைக் காரணம் குறைந்த பிறப்புதான். நெடிய ஆயுள் அதோடு சேர்ந்துகொள்கிறது. “கிழவர்கள் சாகாமல் இருக்கிறார்கள், அதனால்தான் சுமை” என்ற பேச்சு அறமற்றது மட்டுமல்ல, கணக்கும் தப்பு.

ஓய்வூதியம் தாங்குமா?

இன்றைய விதிகளை அப்படியே வைத்துக்கொண்டால் பல நாடுகளில் தாங்காது.

முதியோருக்கான அரசு ஓய்வூதியத்தை நாடு முழுக்க முதன்முதலில் கொண்டுவந்தது ஜெர்மனி, 1889-ல், ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்தில். தகுதி வயது 70. 1916-ல்தான் 65 ஆனது. அந்த வயதை எட்டி, பிறகு நெடுங்காலம் வாங்கியவர்கள் குறைவு. அதனால் கணக்கு நின்றது.

அமெரிக்காவில் மாத ஓய்வூதியத்தின் முதல் காசோலை 1940 ஜனவரியில் இடா மே ஃபுல்லர் என்ற பெண்மணிக்குப் போனது. மூன்று ஆண்டு வேலையில் அவர் கட்டியிருந்த தொகை 24.75 டாலர். நூறு வயது வரை வாழ்ந்து, 1975-ல் இறப்பதற்குள் 22,888.92 டாலர் பெற்றார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. இன்று உழைப்பவர் கட்டும் பணத்தில் இன்றைய முதியவருக்குக் கொடுப்பதுதான் அந்த ஏற்பாடு. கட்டுபவர்கள் ஏராளமாக இருந்ததால் அது நடந்தது. 1950-ல் அங்கே ஒரு பயனாளிக்கு 16-க்கும் மேற்பட்ட உழைப்பாளிகள் இருந்தார்கள். இன்று மூன்று பேர்கூட இல்லை.

இதற்கு வழிகள் மூன்றுதான்: உழைப்பவர் அதிகம் கட்டுவது, முதியவர் குறைவாகப் பெறுவது, எல்லோரும் சற்று அதிக காலம் வேலை செய்வது. நான்காவது வழி இருப்பதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடனைத்தான் சொல்கிறார்கள், அதை அடைப்பதும் முதல் வழிக்காரர்களே. எனக்குப் பிடித்த ஏற்பாடு ஸ்வீடனுடையது. அங்கே ஒருவர் பெயரில் சேர்ந்த தொகையை அவர் வயதுக்காரர்கள் இனிச் சராசரியாக வாழக்கூடிய ஆண்டுகளைக் கொண்டு வகுக்கிறார்கள். ஆயுள் கூடினால் மாதத் தொகை தானாகக் குறையும். கூடுதலாகச் சில மாதம் வேலை செய்தால் அதை ஈடுகட்டலாம். குறைந்த வருமானக்காரருக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை தனியாக உண்டு. டென்மார்க் ஓய்வு வயதையே ஆயுளோடு கட்டிவிட்டது. 2040-ல் அது 70 ஆகும். பிரான்சில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கச் சட்டம் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். விதியை முன்கூட்டியே சொல்லிவைப்பதற்கும் திடீரென்று மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஓய்வு வயதை எல்லோருக்கும் உயர்த்தினால் தீர்ந்துவிடுமே?

தீராது, அது நியாயமும் இல்லை. சராசரி ஆயுள் கூடியது என்றால் எல்லோருக்கும் கூடியது என்று பொருளில்லை. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, வருமானத்தில் உச்சியில் உள்ள ஒரு சதவீத ஆண்கள் அடித்தட்டில் உள்ள ஒரு சதவீத ஆண்களைவிட 14.6 ஆண்டுகள் அதிகம் வாழ்கிறார்கள். பெண்களில் இந்த இடைவெளி 10.1 ஆண்டு.

பதினெட்டு வயதில் சிமென்ட் மூட்டை தூக்கத் தொடங்கியவரையும் இருபத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்தோடு நாற்காலியில் அமர்ந்தவரையும் ஒரே 67-ல் ஓய்வுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? முதலாமவர் 49 ஆண்டு உழைத்துச் சில ஆண்டுகளே ஓய்வூதியம் வாங்குவார். இரண்டாமவர் 39 ஆண்டு உழைத்து இருபது ஆண்டு வாங்குவார். முதலாமவர் கட்டிய பணம் இரண்டாமவரின் முதுமைக்குப் போய்ச் சேர்கிறது. ஏழையிடமிருந்து பணக்காரருக்குப் பணம் பாயும் இந்த ஓட்டத்தை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை என்பது சமாதானம் ஆகாது.

பிறந்த தேதியைவிட உழைத்த ஆண்டுகளை எண்ணுவது மேல். சிறு வயதிலேயே வேலைக்கு வந்தவர்கள் முன்னதாக ஓய்வுபெற பிரான்சில் தனி ஏற்பாடு இருக்கிறது. உடலைத் தேய்க்கும் வேலைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். நெடிய ஆயுள் பற்றிய எந்தச் சீர்திருத்தத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்: குறைவாக வாழ்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?

முதியவர்கள் வேலையை விடாவிட்டால் இளைஞருக்கு எங்கே வேலை?

நாட்டில் வேலைகளின் எண்ணிக்கை நிலையானது, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம் என்று நினைப்பதால் வரும் பயம் இது. 1970, 80-களில் ஐரோப்பிய நாடுகள் பல இதை நம்பி முதியவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பின. பிரான்ஸ் 1980-களின் தொடக்கத்தில் ஓய்வு வயதை 60 ஆக இறக்கியது. இளைஞர் வேலையின்மை தீரவில்லை. சம்பளம் வாங்கும் முதியவர் செலவும் செய்கிறார், வரியும் கட்டுகிறார். அது மற்றவர்களுக்கு வேலையாக மாறுகிறது. பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தபோதும் இதே பயம் எழுந்தது. ஆண்களுக்கான வேலை அதனால் இல்லாமல் போய்விடவில்லை.

ஆனால் ஒரு நிறுவனத்துக்குள், மேல்பதவிகள் எண்ணிவைத்தாற்போல் இருக்கும் இடத்தில், தேக்கம் நிஜம்தான். பேராசிரியர், நீதிபதி, இயக்குநர் போன்ற பதவிகளுக்கு வயது வரம்புக்குப் பதிலாகப் பதவிக்கால வரம்பு வைக்கலாம். தலைமையை விட்டு இறங்கியவர் அதே துறையில் வேறு பொறுப்பில் தொடரலாம்.

வயதானவரால் வேலை ஓடுமா?

வேலையையும் வேலையிடத்தையும் பொறுத்தது. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2007-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் உற்பத்தி வரிசையில் மூத்த தொழிலாளர்களின் பங்கைக் கூட்டி, அவர்களிடமே யோசனை கேட்டுச் சுமார் 70 சிறு மாற்றங்கள் செய்தார்கள்: மரத்தளம், உயரத்தை மாற்றக்கூடிய மேசை, உட்கார நாற்காலி, பூதக்கண்ணாடி, வேலை மாற்றிக்கொள்ளும் முறை. பெரிய முதலீடு எதுவும் இல்லை. ஒரே ஆண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. அதுவரை முதுமையின் குறையாகத் தெரிந்தவற்றில் பாதி, தளத்தின் குறையாகவும் நாற்காலியின் குறையாகவும் இருந்திருக்கிறது.

எனக்கு முன்னால் என் சேமிப்பு தீர்ந்துவிட்டால்?

தனியாளாக இதற்குக் கணக்குப் போடவே முடியாது. 75-ல் இறப்பேனா 98-ல் இறப்பேனா என்று தெரியாதவர், 98-க்குச் சேர்த்துவைத்தால் வயிற்றைக் கட்டி வாழ வேண்டும். 75-க்குச் சேர்த்துவைத்தால் கடைசியில் கையேந்த வேண்டும். பல்லாயிரம் பேர் சேர்ந்தால் கணக்கு எளிதாகிறது. யார் எப்போது இறப்பார் என்று தெரியாவிட்டாலும் எத்தனை பேர் இறப்பார்கள் என்று ஏறக்குறையத் தெரியும். வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலிதான், ப்ரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693-ல் இப்படியோர் அட்டவணை தயாரித்து, ஆயுள் முழுக்கத் தரும் ஆண்டுத்தொகைக்கு விலை கணக்கிட்டுக் காட்டினார்.

ஒருவரின் ஆயுள்மீது இன்னொருவர் தனியாகப் பந்தயம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ழான் கல்மானே சாட்சி. 1965-ல், அவருக்கு 90 வயதானபோது, ஆந்த்ரே ராஃப்ரே என்ற வழக்கறிஞர் அவருடைய வீட்டுக்கு விலை பேசினார்: கல்மான் இருக்கும்வரை மாதம் 2,500 ஃப்ராங்க், இறந்த பிறகு வீடு ராஃப்ரேக்கு. முப்பது ஆண்டு கட்டி, வீட்டின் மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து, 1995-ல் ராஃப்ரே தம் 77-ஆம் வயதில் இறந்தார். பிறகு அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். ஆயிரம் வீடுகளை இப்படி வாங்கும் நிறுவனத்துக்கு ஒரு கல்மான் பொருட்டில்லை. ஒரே வீட்டை வாங்கியவருக்கு அவர்தான் எல்லாம். ஆயுள் அபாயத்தைத் தனிமனிதர் தலையில் இறக்கிவிட்டு “சேமித்துக்கொள்” என்று ஒதுங்கும் கொள்கையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

முதியவர்களை யார் பார்த்துக்கொள்வது?

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2019-ல் சராசரி ஆயுள் 73.1. அதில் நலமாக வாழும் ஆண்டுகள் 63.5. மீதி ஒன்பதரை ஆண்டு ஏதோ ஒரு நோயோடு கழிகிறது. மறதிநோய் 2021-ல் 5.7 கோடிப் பேருக்கு இருந்தது.

இந்தப் பராமரிப்பில் பெரும்பகுதியை மனைவி, மகள், மருமகள் என்று பெண்களே சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அதற்காக வேலையைக் குறைக்கிறார்கள் அல்லது விடுகிறார்கள். அதனால் அவர்களுடைய ஓய்வூதியம் சுருங்குகிறது. ஆண்களைவிடச் சராசரியாக ஐந்து ஆண்டு அதிகம் வாழ்பவர்களும் அவர்கள்தான். நீண்ட முதுமை, மெலிந்த பணம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 71 வயது மகள் 94 வயதுத் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார். அந்த மகளுக்கே முழங்கால் தாங்கவில்லை. முதியவரை முதியவரே பார்த்துக்கொள்ளும் இந்த நிலைக்கு ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே உருவாகிவிட்டது.

ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு தொடங்கின. ஜப்பானில் நாற்பது வயதிலிருந்து எல்லோரும் கட்ட வேண்டும். வீட்டுக்கு வரும் பணியாளர், பகல்நேர மையம், முதியோர் இல்லம் என்று தேவைக்கேற்பச் சேவை கிடைக்கிறது. ஜெர்மனியில் வீட்டில் பராமரிப்பவருக்கு ஓய்வூதியக் கணக்கிலும் பணம் செலுத்தப்படுகிறது. “பாசத்தால் செய்வதற்குப் பணமா?” என்று கேட்பவர்கள் ஒரு வாரம் அந்த வேலையைச் செய்துபார்க்கட்டும்.

குடும்பமும் சொத்தும் எப்படி மாறும்?

குடும்பம் மூங்கிலைப் போல உயரமாகவும் ஒல்லியாகவும் ஆகிறது. நான்கு தலைமுறை ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும். ஆனால் உடன்பிறந்தார், சித்தப்பா, அத்தை, மாமா என்ற பக்கக் கிளைகள் குறையும். திருமணம் அறுபது ஆண்டு நீளலாம். அதைத் தாங்காமல் பிரிபவர்களும் கூடுவார்கள். அமெரிக்காவில் 1990-க்கும் 2010-க்கும் இடையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் மணமுறிவு விகிதம் இரட்டித்தது.

பெற்றோர் 92-ல் இறந்தால் பிள்ளைகள் அறுபதுகளில் வாரிசாகிறார்கள். வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும் பணம் வேண்டிய முப்பதுகளில் அது கைக்கு வருவதில்லை. கொடுக்க நினைப்பவர் இருக்கும்போதே கொடுப்பதும், பேரப்பிள்ளைக்கு நேராகக் கொடுப்பதும் இதனால் கூடும்.

பொருளாதாரம் தேங்கிவிடுமா?

ஆயுள் மட்டும் கூடினால் தேங்க வேண்டியதில்லை. நீண்டகாலம் வாழப்போகிறோம் என்று தெரிந்தவர் அதிகம் சேமிக்கிறார், அதிகம் படிக்கிறார். இரண்டும் வளர்ச்சிக்கு உரம். பலரும் ஒரே நேரத்தில் சேமித்தால் வட்டி விகிதம் இறங்கும். அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுச் செலவழிக்கத் தொடங்கும்போது அது மறுபடி ஏறக்கூடும் என்று பொருளாதார அறிஞர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். நோயில் கழியும் ஆண்டுகள் கூடினால் மட்டும் நட்டம் உறுதி. அதனால் எழுபது வயதுக்காரரின் சிகிச்சைக்குச் செலவிடுவதைப் போலவே நாற்பது வயதுக்காரரின் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் செலவிடும் அரசு கெட்டிக்கார அரசு.

வாக்காளர்களில் முதியவர்கள் பெருகினால் இளையோர் நலன் பின்தங்குமா?

அந்த ஆபத்து உண்டு. ஓய்வூதியத்தைக் குறைக்கும் கட்சி தேர்தலில் அடிவாங்கும். பள்ளிக்கூடத்துக்குச் செலவைக் குறைப்பதற்கு எதிர்ப்பு அவ்வளவு வராது. வாக்குரிமை வயதை 16-க்கு இறக்குவது ஒரு வழி. ஆஸ்திரியா 2007-ல் செய்தது.

பணக்காரராகும் முன்பே முதுமையடையும் நாடுகள் என்ன செய்யும்?

மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தோரின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டு பிடித்தது. ஸ்வீடனுக்கு 85. ஜப்பான் கால் நூற்றாண்டில் கடந்தது. தென்கொரியாவுக்கு 18 ஆண்டே போதுமானதாக இருந்தது. இனி முதுமையடையும் நாடுகளில் பலவற்றுக்கும் பிரான்சுக்குக் கிடைத்த அவகாசம் கிடையாது. அங்கே பெரும்பாலோர் கூலி வேலையிலும் சொந்தச் சிறுதொழிலிலும் இருக்கிறார்கள். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வூதியம் அவர்களைத் தொடாது. அவர்களுக்கு வரிப்பணத்திலிருந்து எல்லா முதியோருக்கும் தரும் சிறிய அடிப்படை ஓய்வூதியமே நடைமுறைக்கு ஏற்றது. தொகை சிறிதாக இருந்தாலும் நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். ஓய்வு வயது பற்றிய விவாதம் அவர்களைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம். ஓய்வு என்ற ஒன்றே அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

இப்போது 25 வயதில் இருப்பவர் என்ன செய்யலாம்?

ஐம்பது ஆண்டு வேலை செய்யப்போகிறோம் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். இருபத்திரண்டு வயதில் படித்து முடித்த படிப்பு அவ்வளவு காலம் தாங்காது. நாற்பதிலும் ஐம்பத்தைந்திலும் மறுபடி மாணவராக வேண்டியிருக்கும். சிங்கப்பூர் 2024-ல் நாற்பது வயதைக் கடந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் படிக்க 4,000 சிங்கப்பூர் டாலர் அளவுக்கு வரவு வைத்தது. உங்கள் நாட்டில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

சிறு தொகையானாலும் இப்போதே சேமியுங்கள், கூட்டாக இடர் பகிரும் ஓய்வூதியத் திட்டம் கிடைத்தால் அதில் சேருங்கள். முழங்காலையும் பல்லையும் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள், எழுபதில் வேலை செய்ய அவைதான் வேண்டும். எல்லா உழைப்பையும் முப்பதுகளில் திணித்து எல்லா ஓய்வையும் எழுபதுகளுக்குத் தள்ளிவைக்க வேண்டாம். குழந்தை சிறியதாக இருக்கும்போதோ பெற்றோர் படுத்துவிட்டபோதோ ஓராண்டு விலகி நிற்க முடியுமா என்று வேலை தருபவரிடம் கேளுங்கள். ஐம்பது ஆண்டு உழைப்பில் அந்த ஓராண்டு இரண்டு சதவீதம்.